அச்சகத்தின் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது: வெப்மெயிலையே வைத்துக்கொள்வதா, மாற்றிவிடுவதா?

அச்சக மகள் (திருவல்லிக்கேணி):

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஜாம்பஜார் பக்கத்தில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு அச்சகம். ஒரு மினி ஆஃப்செட், ஒரு கட்டிங் மெஷின், டிடிபிக்கு இரண்டு கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். பத்திரிகைக்கு வெற்று அட்டைகளை ஆண்டர்சன் தெருவில் எடுத்துவருவோம். அப்பாவுக்கு 64 வயது. காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்ததும், அடுத்த வேலை வெப்மெயிலைத் திறப்பதுதான்.

2011இல் எங்கள் அச்சகத்தின் பெயரில் ஒரு டாட் இன் டொமைன் வாங்கினோம். அப்போது தளம் செய்து கொடுத்த தம்பிதான் ஹோஸ்டிங் (தளமும் மெயிலும் இருக்கும் வாடகை சர்வர்), மெயில் எல்லாவற்றையும் போட்டுத் தந்தார். இப்போது அவர் சிங்கப்பூரில் இருக்கிறார், டொமைன் இன்னும் அவர் கணக்கில்தான். ஆனாலும் வருடா வருடம் பணம் கட்டவேண்டிய நேரத்தில் வாட்ஸப்பில் சொல்லிவிடுவார், அனுப்பிவிடுவோம். இந்த மெயில் முகவரி பெயர்ப்பலகையில் இருக்கிறது, பில் புக்கில் இருக்கிறது, நாங்கள் அடித்த ஒவ்வொரு பத்திரிகையின் பின்பக்கத்திலும் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. அக்காவின் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையைத் திருப்பிப் பார்த்து, தங்கைக்கும் எங்களிடமே வருகிறவர்கள் உண்டு.

போன மாதம் அப்படித்தான் காஞ்சிபுரத்தில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. மூத்த பெண்ணின் பத்திரிகையைக் கொடுத்து, பெயரையும் தேதியையும் மண்டபத்தையும் மட்டும் மாற்றச் சொன்னார்கள். ப்ரூஃப் அனுப்பினேன், சரி என்றார்கள். அந்தப் பழைய பத்திரிகையில் பெண்ணின் தாத்தா பெயர் இருந்தது. அவர் தவறி இரண்டு வருடம் ஆகிவிட்டதாம். எங்களுக்குத் தெரியாது. அவர்களும் முதலில் கவனிக்கவில்லை. அன்று இரவு கவனித்துவிட்டு, தாத்தாவின் பெயருக்கு முன் 'தெய்வத்திரு' சேர்க்கச் சொல்லி மெயில் போட்டிருக்கிறார்கள். அது எங்களுக்கு வந்து சேரவே இல்லை. மறுநாள் மதியத்துக்குள் 600 பத்திரிகை அடித்து, மடித்து, கட்டும் கட்டிவிட்டோம். வாங்க வந்த பெண்ணின் அப்பா, கடை வாசலில் நின்று ஒன்றை எடுத்துப் படித்தார். ஒரு நிமிடம் பேசவே இல்லை. எங்கள் மேல் கோபப்படவும் இல்லை. தன் அப்பாவின் பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மெயில் போட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவர் போனில் பார்த்தோம். மெயில் போய்ச் சேராவிட்டால் சர்வர் தானாக அனுப்பும் 'மெயிலர் டீமன்' பதில் ஆங்கிலத்தில் வந்திருந்தது: பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டது, அனுப்ப முடியவில்லை. அவர் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமலே விட்டுவிட்டார். அப்பா அன்றே அட்டை எடுத்துவந்து 600ஐயும் மறுபடி அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பணம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த மனிதர் அந்தப் பெயரைத் தொட்ட விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் மெயில் பெட்டியின் அளவு 1 ஜிபி. அப்பா தினமும் பழைய மெயில்களை அழிக்கிறார். அப்படியும் ரவுண்ட்கியூபின் (எங்கள் வெப்மெயில் திரையின் பெயர்) அடியில், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் வட்டம் 99 சதவீதத்திலேயே நிற்கிறது. இடையில் ஒரு நாள் "பெட்டி 98 சதவீதம் நிரம்பிவிட்டது, கூடுதல் இடத்துக்கு இங்கே அழுத்தவும்" என்று ஒரு மெயில் வந்ததாம். அப்பா அதை அழுத்தி பாஸ்வேர்டு கொடுத்தும் பார்த்திருக்கிறார், இடம் கூடவில்லை. நாங்கள் அனுப்பும் ப்ரூஃப் பாதிப் பேருக்கு ஸ்பேமில் போய் விழுகிறது, அது வேறு. ஹோஸ்டிங் நிறுவனத்தில் கேட்டால் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள்.

பேசாமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு ஜிமெயில் முகவரிக்கு மாறிவிடலாமா? இல்லை, இதையே சரிசெய்ய முடியுமா? எனக்கு கோரல் ட்ரா தெரியும், போட்டோஷாப் தெரியும். சர்வர் விஷயம் தெரியாது. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வேன்.

—

பெருங்குடிக்காரன்:

சகோதரி, முகவரியை விட்டுவிடாதீர்கள். அத்தனை வீட்டுப் பத்திரிகைகளின் பின்பக்கம் இருக்கிற முகவரி அது. சர்வர் பராமரிப்பில் எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம், உங்களுக்கு வந்திருக்கிற மாதிரிப் பிரச்சினையை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். பெரிய திட்டம் எதுவும் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் பெட்டி. ரவுண்ட்கியூபில் அழிக்கும் மெயில் அப்போதே போய்விடாது, 'ட்ராஷ்' ஃபோல்டருக்கு நகரும், அவ்வளவுதான். அங்கேயும் அது உங்கள் 1 ஜிபியில்தான் உட்கார்ந்திருக்கும். அப்பா தினமும் அழிப்பதெல்லாம் ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போகிறது. ட்ராஷைத் தேர்ந்தெடுத்து, ஃபோல்டர் மெனுவில் 'எம்ப்டி' கொடுங்கள். அடுத்தது 'சென்ட்'. நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு ப்ரூஃபின் நகலும் அங்கே இருக்கும். மெயிலில் இணைப்பு போகும்போது அதை எழுத்து வடிவத்துக்கு மாற்றித்தான் அனுப்புவார்கள், அதனால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 9 எம்பி பிடிஎஃப் மெயிலில் 12 எம்பி. அதே ப்ரூஃபைத் திருத்தி நான்கு முறை அனுப்பினால் 48 எம்பி போயிற்று. சென்ட் ஃபோல்டரைத் தேதிப்படி இல்லாமல் அளவுப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள், மேலே இருக்கும் ஐம்பது மெயிலிலேயே பாதி இடம் திரும்பிவிடும்.

அப்புறம் அந்த 1 ஜிபி என்பது ஹோஸ்டிங் திட்டத்தின் எல்லையா, இந்த ஒரு பெட்டிக்கு வைத்த எல்லையா என்று பார்க்கவேண்டும். பெட்டியை உருவாக்கும்போது அந்தத் தம்பி ஒரு எண் கொடுத்திருப்பார், அதை அப்புறம் யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். வெப்மெயிலுக்குள் இல்லாமல், ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சி-பேனலுக்குள் போங்கள். வெப்மெயிலின் கதவு 2096, சி-பேனலின் கதவு 2083. முகவரிப் பட்டையில் டொமைன் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து இந்த எண்ணைப் போட்டால் திறக்கும். பாஸ்வேர்டும் இரண்டுக்கும் வேறு வேறு. உள்ளே 'இமெயில் அக்கவுண்ட்ஸ்', அதில் உங்கள் பெட்டிக்கு எதிரே 'மேனேஜ்', அதில் ஸ்டோரேஜ். திட்டத்தில் மொத்தம் 10 ஜிபி இருந்து, தளம் அரை ஜிபிதான் பிடிக்கிறது என்றால், பெட்டிக்கு 5 ஜிபி கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். செலவு இல்லை.

ஸ்பேம் விஷயம் வேறு. ஒரு ப்ரூஃபை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரி வரவேண்டும், ஒவ்வொன்றுக்கும் எதிரே பாஸ் அல்லது ஃபெயில் என்று இருக்கும். எஸ்பிஎஃப் என்பது இந்த டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை உண்டு என்று நீங்கள் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் பொதுப் பதிவேட்டில், எழுதிவைக்கும் வரி. டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் வைக்கும் முத்திரை, அந்த முத்திரையைச் சரிபார்க்கும் சாவியும் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயில் இதில் கறாராகிவிட்டது. ஒரு நாளைக்கு 5000 மெயில் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். இரண்டுமே தப்பாக இருந்தால் நல்ல ப்ரூஃபும் ஸ்பேமுக்குத்தான் போகும்.

அந்த மூன்று வரியில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள், அதை வைத்து மேலே சொல்கிறேன். டொமைனின் நேம்சர்வர் (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) ஹோஸ்டிங்கில் இருக்கிறதா, டொமைன் வாங்கிய இடத்தில் இருக்கிறதா என்பதும் தெரியவேண்டும்.

—

ஜாபர்கான்பேட்டை ஆடிட்டர்:

அம்மா, மேலே தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வாக்கியம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஒன்று, அப்பா "இங்கே அழுத்தவும்" என்பதை அழுத்தி பாஸ்வேர்டு கொடுத்தது. அது ஹோஸ்டிங்காரர் அனுப்பியது இல்லை. பாஸ்வேர்டைப் பிடுங்குவதற்கென்றே ரவுண்ட்கியூபின் முகப்பை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். பெட்டி உண்மையிலேயே நிரம்பியிருந்ததால் அப்பா நம்பிவிட்டார், அவர்மேல் தப்பே இல்லை. இதைப் படித்த நிமிடமே பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றியதோடு நிற்காதீர்கள். உள்ளே வந்தவன் 'ஃபார்வர்டர்' என்ற இடத்திலோ 'ஃபில்டர்' என்ற இடத்திலோ தன் முகவரியைப் போட்டுவிட்டுப் போயிருந்தால், பாஸ்வேர்டு மாறினாலும் உங்கள் மெயிலின் நகல் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். என் கட்சிக்காரர் ஒருவருக்கு இது நடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய இன்வாய்ஸ் மெயில்களை இரண்டு மாதம் படித்துக்கொண்டே இருந்தவன், சரியான நாள் பார்த்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று அவர் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டான். பணம் போன மறுநாள்தான் தெரிந்தது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அன்றே அழைத்ததால் ஒரு பகுதியை முடக்க முடிந்தது, மீதி போனது போனதுதான்.

இரண்டாவது, டொமைன் அந்தத் தம்பியின் கணக்கில் இருப்பது. அவர் நல்லவர், உதவியாக இருக்கிறார் என்று நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. ஆனால் நல்லவருக்கும் போன் தொலையும், உடம்புக்கு முடியாமல் போகும். ஒரு வருடம் வாட்ஸப் செய்ய மறந்தால் டொமைன் காலாவதி ஆகும், மெயிலும் நின்றுபோகும். கடையின் வாடகை ஒப்பந்தத்தை வேறொருவர் பெயரில் வைத்திருப்பீர்களா? அதைப் போலத்தான் இதுவும். ரிஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைன் வாங்கிய நிறுவனத்திடம், அப்பா பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, டொமைனை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் தொடர்பு மெயிலாக இதே அச்சக முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். டொமைன் நின்றுபோனால், அதைப் புதுப்பிக்கச் சொல்லும் எச்சரிக்கையும் அந்த நின்றுபோன பெட்டிக்குத்தான் வரும். அங்கே மட்டும் ஜிமெயில் முகவரி கொடுங்கள். ஜிமெயிலுக்கு வேலை இருக்கிற இடம் அதுதான்.

எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் ஆபீஸ் தரைத்தளத்தில் இருந்தது. 1ஆம் தேதி இரவு அடையாறு தெருவுக்குள் வந்தது. விடியும்போது மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரும் தண்ணீருக்குள். ஏழு வருட மெயில் அத்தனையும் அந்த ஒரு டிஸ்கில் இருந்தது. நான் பாப் முறையில், அதாவது மெயிலைச் சர்வரில் இருந்து கம்ப்யூட்டருக்கே எடுத்துவிடும் முறையில், அவுட்லுக்கில் இறக்கிக்கொண்டிருந்தேன், 'சர்வரில் நகல் வை' என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விட்டிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்து வெப்மெயிலைத் திறந்தால் இன்பாக்ஸில் நான்கே மெயில். வெள்ளம் வந்தபின் வந்தவை. அதற்கு முன் வந்தது எதுவும் சர்வரில் இல்லை. கட்சிக்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுப் பழைய மெயில்களைத் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கினேன். ஆறு மாதம் ஆனது.

அதனால் போனிலோ கம்ப்யூட்டரிலோ இந்த முகவரியைச் சேர்க்கும்போது பாப் கேட்டால் கொடுக்காதீர்கள், ஐமேப் கொடுங்கள். கதவு எண் கேட்டால் வாங்குவதற்கு 993, அனுப்புவதற்கு 465. ஐமேப் போட்டால் மெயில் சர்வரிலேயே இருக்கும், போனில் பார்த்தாலும் வெப்மெயிலில் பார்த்தாலும் ஒரே பெட்டிதான்.

—

அச்சக மகள்:

ஆடிட்டர் சார், உங்கள் பதிவைப் படித்தபோது இரவு பதினொன்று இருக்கும். அப்போதே அப்பாவை எழுப்பி, பழைய பாஸ்வேர்டைக் கேட்டு உள்ளே போய் மாற்றினேன். நீங்கள் சொன்ன ஃபார்வர்டர் பக்கத்தில் எதுவும் இல்லை. ஃபில்டர் பக்கத்தில் ஒன்று இருந்தது. பெயருக்குப் பதில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தார்கள். தலைப்பில் 'இன்வாய்ஸ்' அல்லது 'பேமெண்ட்' என்ற சொல் இருந்தால், எங்களுக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பு என்று இருந்தது. கை நடுங்கியது. அழிப்பதற்கு முன் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பாவும் நானும் பாக்கி வரவேண்டிய பதினாறு பேருக்கும் போன் செய்தோம், எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை, அப்படி மெயில் ஏதாவது வந்தால் நம்பவேண்டாம் என்று. யாரும் ஏமாறவில்லை, கடவுள் புண்ணியம். ஒருவர் மட்டும், "நல்லவேளை சொன்னீர்கள், வெள்ளிக்கிழமை பணம் போட இருந்தேன்" என்றார்.

பெருங்குடி அண்ணா, நீங்கள் சொன்னபடி ட்ராஷைப் பார்த்தேன். 11,000க்கு மேல் மெயில், 2019இல் இருந்து. காலி செய்ததும் வட்டம் 99இல் இருந்து 61க்கு வந்துவிட்டது. சென்ட்டை அளவுப்படி வரிசைப்படுத்தியதும் எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு கும்பாபிஷேக நோட்டீஸை ஏழு முறை அனுப்பியிருக்கிறேன். சி-பேனல் பாஸ்வேர்டு அப்பாவின் பழைய டைரியில் இருந்தது. திட்டத்தின் மொத்த இடம் 10 ஜிபி, தளம் 300 எம்பிகூட இல்லை. பெட்டிக்கு 5 ஜிபி கொடுத்துவிட்டேன். இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த ஒரு எண்ணால்தான் அந்த மெயில் திரும்பிப் போயிருக்கிறது.

ஸ்பேம் விஷயத்தில் ஷோ ஒரிஜினல் பார்த்தேன். எஸ்பிஎஃப் சாஃப்ட்ஃபெயில். டிகிம் ஃபெயில்கூட இல்லை, அந்த வரியே இல்லை. டிமார்க்கும் இல்லை. சி-பேனலில் 'இமெயில் டெலிவரபிலிட்டி' என்ற பக்கத்தில் சிவப்பாகக் காட்டுகிறது. நேம்சர்வர் ஹோஸ்டிங்கில் இல்லை, டொமைன் வாங்கிய இடத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று, தளத்தில் இருக்கும் விசாரணைப் படிவத்தை நிரப்பினால் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

—

பெருங்குடிக்காரன்:

உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஹோஸ்டிங் எப்போதோ ஒரு சர்வரில் இருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கிறது. மாற்றியவர் தளம் எங்கே இருக்கிறது, மெயில் எங்கே வரவேண்டும் என்ற இரண்டு பதிவை மட்டும் புதிதாக்கியிருக்கிறார். எஸ்பிஎஃப் வரியில் பழைய சர்வரின் ஐபி எண் அப்படியே கிடக்கிறது. ஜிமெயில் அதைப் படிக்கும்போது, "அச்சகத்தின் மெயில் இந்த எண்ணில் இருந்து வரும் என்று எழுதியிருக்கிறது, ஆனால் வேறு எண்ணில் இருந்து வருகிறதே" என்று சந்தேகப்படுகிறது. டிகிம் சாவியைச் சி-பேனல் உருவாக்கி வைத்திருக்கும், ஆனால் நேம்சர்வர் வெளியே இருப்பதால் தானாகப் போய் அதைப் பதிய முடியாது. அதே டெலிவரபிலிட்டி பக்கத்தில் 'மேனேஜ்' கொடுத்தால், எந்தப் பெயரில் எந்த வரியைச் சேர்க்கவேண்டும் என்று காட்டும். அதை நகலெடுத்து டொமைன் கணக்கின் டிஎன்எஸ் பக்கத்தில் ஒட்டவேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கவேண்டும். பழையதை வைத்துக்கொண்டே புதிதாக இன்னொன்று சேர்த்தால் இரண்டும் செல்லாது, அதனால் பழையதைத் திருத்துங்கள். டிகிம் சாவி மிக நீளம், ஒட்டும்போது நடுவில் இடைவெளி விழாமல் பாருங்கள். டிமார்க்கை இப்போதைக்குக் கண்காணிப்பு நிலையில் மட்டும் வையுங்கள், தடுக்கச் சொல்லவேண்டாம். சேர்த்த உடனே வேலை செய்யவில்லை என்று பதறவேண்டாம். பழைய பதிவின் டிடிஎல் (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் விநாடிகள்) 14400 என்று இருந்தால் உலகம் முழுக்கப் புதியது தெரிய 4 மணி நேரம் ஆகலாம்.

ஆனால் இதையெல்லாம் செய்ய டொமைன் கணக்குக்குள் போகவேண்டும். அந்தக் கணக்கு சிங்கப்பூர் தம்பியிடம் இருக்கிறது. ஆடிட்டர் சார் சொன்ன வேலைதான் முதல் வேலை. அது முடியாமல் என் வேலையில் ஒன்றும் நகராது.

படிவத்துக்கு வருகிறேன். அதை நிரப்புகிறவரின் முகவரியையே 'அனுப்புநர்' என்று போட்டு அனுப்பும்படி எழுதியிருப்பார்கள். 2011இல் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். யாஹூ 2014இலேயே, தன் சர்வரில் இருந்து வராத யாஹூ மெயிலை ஏற்கவேண்டாம் என்று டிமார்க்கில் சொல்லிவிட்டது. உங்கள் சர்வர் யாஹூ முகவரியின் பெயரில் அனுப்பினால் அது போலி மெயில் என்றுதான் கணக்கு. அனுப்புநர் இடத்தில் அச்சக முகவரியே இருக்கட்டும், வாடிக்கையாளரின் முகவரியை 'ரிப்ளை டூ' இடத்தில் போடச் சொல்லுங்கள். நீங்கள் பதில் எழுதினால் அவருக்கே போகும்.

—

கே.கே.நகர் டிசைனர்:

எல்லோரும் இதையே ஒட்டிச் சரிசெய்யச் சொல்கிறீர்கள். நான் வேறு வழியில் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி எண்ணில் நூற்றுக்கணக்கான டொமைன்கள் இருக்கும். பக்கத்தில் ஒருவர் ஸ்பேம் அனுப்பினால் உங்கள் மெயிலுக்கும் கெட்ட பெயர். டொமைனை அப்படியே வைத்துக்கொண்டு மெயிலை மட்டும் தனிச் சேவைக்கு மாற்றலாம், முகவரி மாறாது. நம்மூர் ஜோஹோவில் இலவசத் திட்டமும் இருக்கிறது, ஐந்து பேர் வரை. ஆனால் அந்த இலவசத்தில் ஐமேப் கிடையாது, பிரௌசரிலோ அவர்களுடைய ஆப்பிலோதான் பார்க்கவேண்டும். உங்கள் அப்பா பிரௌசரில்தான் பார்க்கிறார் என்றால் அது குறையே இல்லை. மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள்: மெயில் எந்தச் சர்வருக்கு வரவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றியபின் சி-பேனலில் 'இமெயில் ரூட்டிங்' என்பதை ரிமோட் என்று வைக்கவேண்டும். நான் அதைச் செய்யாமல் விட்டதால் தளத்தின் படிவத்தில் இருந்து வந்த மெயிலெல்லாம் மூன்று வாரம் பழைய பெட்டியிலேயே விழுந்துகொண்டிருந்தது.

—

அச்சக மகள்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வைகாசி முகூர்த்த வேலை தலைக்குமேல் போய்விட்டது.

சிங்கப்பூர் தம்பியிடம் பேச எனக்குத் தயக்கமாக இருந்தது, நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று. அப்பாதான் பேசினார். அவர் உடனே, "நானே சொல்லணும்னு இருந்தேன் மாமா, எனக்கும் இது பாரமாத்தான் இருந்தது" என்றாராம். அப்பா பெயரில் அதே ரிஜிஸ்ட்ராரிடம் கணக்கு திறந்தோம். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது என்பதால் அன்று மாலையே முடிந்தது. தொடர்பு மெயிலாக அம்மாவின் ஜிமெயிலைக் கொடுத்தோம். காலாவதி தேதியைக் கடைக் காலண்டரிலும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம், ஒரு மாதம் முன்னாலேயே.

டிஎன்எஸ் வரிகளை ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாத நேரத்தில் உட்கார்ந்து சேர்த்தேன். டிகிம் சாவியை இரண்டு முறை தப்பாக ஒட்டினேன். கடைசியில் எழுத்தைப் பெரிதாக்கி, ப்ரூஃப் பார்ப்பதுபோல் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்ததில், நடுவில் ஒரு இடைவெளி அகப்பட்டது. பழக்கம் கைகொடுத்தது.

கே.கே.நகர் அண்ணா, நீங்கள் சொன்ன வழியை அப்பாவிடம் சொன்னேன். இப்போது சரியாக வேலை செய்வதால் இதிலேயே இருக்கலாம் என்கிறார். அவருக்கு இந்த ரவுண்ட்கியூப் திரை கையோடு பழகிவிட்டது, எந்த மூலையில் எது என்று கண்ணாடி போடாமலே தெரியும். மறுபடியும் ஸ்பேமில் விழ ஆரம்பித்தால் நீங்கள் சொன்னபடி மாற்றிவிடுவேன். ரூட்டிங் விஷயத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. சென்ட்டில் இருக்கும் பழைய ப்ரூஃப்களை அழிக்க அப்பா விடமாட்டேன் என்கிறார். பத்து வருடம் கழித்துத் தங்கைக்குப் பத்திரிகை அடிக்க வருவார்கள், அப்போது என்ன செய்வாய் என்று கேட்கிறார். சர்வரில் இருந்து எடுத்து எங்கே வைப்பது?

—

பெருங்குடிக்காரன்:

தண்டர்பேர்டு என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் உங்கள் பெட்டியை ஐமேப்பில் சேருங்கள். இடது பக்கம் கீழே 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இருக்கும், அதில் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். சென்ட்டில் 2019 மெயில்களைத் தேர்ந்தெடுத்து முதலில் நகலெடுங்கள், நகர்த்தவேண்டாம். இரண்டு மூன்றைத் திறந்து பிடிஎஃப் சரியாக வருகிறதா என்று பார்த்தபின் சர்வரில் அழியுங்கள். அந்த லோக்கல் ஃபோல்டர் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும், அதனால் மாதம் ஒரு முறை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள். அந்த டிஸ்க் கடையில் இருக்கவேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.

—

ஜாபர்கான்பேட்டை ஆடிட்டர்:

வீட்டில், மாடியில் இருக்கட்டும் அம்மா.

—

அச்சக மகள்:

மாடியில் பீரோவில் வைத்துவிட்டேன் சார். 2019ஐயும் 2020ஐயும் நகலெடுத்து முடித்தாயிற்று, மீதி இந்த வாரத்துக்குள் முடிந்துவிடும்.

காஞ்சிபுரத்துக்காரர் நேற்று மெயில் போட்டிருந்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம், வரவேற்புப் படத்தை வைத்து நன்றி அட்டை 200 வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ப்ரூஃப் அனுப்பிவிட்டு இந்த முறை போனும் செய்து, ஷோ ஒரிஜினலைப் பார்க்கச் சொன்னேன். எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் பாஸ். இன்பாக்ஸிலேயே வந்திருந்தது.